தோற்கிறதுக்குன்னே ஒரு தொகுதி: டார்ட்ஃபோர்ட், 1950

இன்னைக்கு ஒரு பழைய தேர்தல் முடிவை வாசிச்சுட்டு ஆரம்பிக்கலாம்.

1950 பிப்ரவரி 23. பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தல். லண்டனுக்குத் தென்கிழக்கே, தேம்ஸ் ஆற்றை ஒட்டி டார்ட்ஃபோர்ட் என்று ஒரு தொகுதி. லேபர் கட்சியின் நார்மன் டாட்ஸுக்கு 38,128 ஓட்டு. கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளருக்கு 24,490. லிபரல் கட்சிக்காரருக்கு 5,011. வித்தியாசம் 13,638. போட்டி என்றே சொல்ல முடியாது, அவ்வளவு இடைவெளி.

இரண்டாவதாக வந்த அந்தக் கன்சர்வேட்டிவ் வேட்பாளரின் பெயர் மார்கரெட் ராபர்ட்ஸ். வயது 24. அந்தத் தேர்தலில் நாடு முழுக்க நின்ற பெண் வேட்பாளர்களிலேயே இளையவர். மறுவருஷக் கடைசியில் கல்யாணம் ஆனபோது அவர் பெயர் மார்கரெட் தாட்சர் என்று மாறியது.

ஆமாம், அதே தாட்சர்தான். 1979-லிருந்து 1990 வரை பிரதமர். ஃபாக்லாந்து போர், சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்றது, இதையெல்லாம் பத்தி நிறையப் பேர் பேசியாச்சு. இன்னைக்கு நான் பேசப்போறது அவங்க ஜெயிச்ச கதை இல்லை, தோத்த கதை. அதுவும் ஒரே தொகுதியில், ஒரே ஆளிடம், ரெண்டு தடவை.

உண்மையைச் சொல்லிடறேன். இந்த எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பிச்சப்போ, இது ஒரு தன்னம்பிக்கைக் கதைன்னுதான் நினைச்சேன். விழுந்தாங்க, எழுந்தாங்க, ஜெயிச்சாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல காலையில வருமே, அந்த மாதிரி. படிக்கப் படிக்க வேற ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துடுச்சு. 1949-ல், மளிகைக் கடைக்காரர் மகளான 23 வயசுப் பெண்ணுக்கு, அதுவும் கன்சர்வேட்டிவ் கட்சி, எதுக்கு சீட் கொடுத்தது?

மளிகைக் கடை, ஆய்வகம், சம்பளம்

மார்கரெட் பிறந்தது 1925-இல், கிரந்தம் என்ற சின்ன ஊரில். அப்பா ஆல்ஃப்ரெட் ராபர்ட்ஸ் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. அப்பா மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்வார், நகர மன்றத்திலும் இருந்தார், ஒரு வருஷம் மேயராகவும் ஆனார். படிப்பு, கடன் வாங்காத வாழ்க்கை, ஊர்ப் பொது வேலை: வீட்டில் பேச்செல்லாம் இதைச் சுற்றித்தான்.

1943-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படிக்கப் போனார். அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் டாரதி ஹாட்ஜ்கின், பின்னாளில், 1964-இல், வேதியியல் நோபல் பரிசு வாங்கியவர். படிப்பு ஒரு பக்கம் நடக்க, பல்கலைக்கழகக் கன்சர்வேட்டிவ் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார். படிப்பு முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை.

எம்.பி. ஆக வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது. ஆனால் ஆசைக்கும் அவருக்கும் நடுவில் பணம் நின்றது. இந்த இடம் முக்கியம், கொஞ்சம் கவனிங்க. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் எம்.பி.யின் சம்பளம் வருஷத்துக்கு 600 பவுண்ட். சொந்தச் சொத்து இல்லாதவர் லண்டனில் அதை வைத்துச் சமாளிப்பது கஷ்டம். போதாததற்கு, கன்சர்வேட்டிவ் கட்சியில் வேட்பாளர்களே தேர்தல் செலவைப் போட்டு, தொகுதிச் சங்கத்துக்கு வருஷா வருஷம் நன்கொடையும் கொடுப்பது சகஜம். யார் நல்லாப் பேசுவாங்க என்பதைவிட யாரால் பணம் போட முடியும் என்பதுதான் பல இடங்களில் எடுபட்டது.

இரண்டு விஷயம் மாறியது. 1946-இல் எம்.பி. சம்பளம் 1,000 பவுண்டாக உயர்ந்தது. உயர்த்தியது யார் தெரியுமா? அட்லியின் லேபர் அரசு! அடுத்து, 1945-இல் படுதோல்வி அடைந்த கன்சர்வேட்டிவ் கட்சி தன் வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. வேட்பாளர் செலவைக் கட்சி அமைப்பே ஏற்க வேண்டும், வேட்பாளரிடம் வாங்கும் நன்கொடைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று 1948, 1949-இல் விதிகள் வந்தன.

இந்த ரெண்டும் நடக்கலைன்னா, மளிகைக் கடைக்காரர் மகள் வேட்பாளராவது நடக்கிற காரியமே இல்லை. திறமை இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனா திறமை உள்ளே வர ஒரு வாசல் வேணும் இல்லையா? அந்த வாசலை யாரோ விதி போட்டுத் திறந்தாங்க. இதை மனசில் வச்சுக்கங்க, கடைசியில் திரும்ப வருவோம்.

யாரும் கேட்காத சீட்

1948-இல் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாடு வேல்ஸின் லாண்டட்னோ என்ற கடற்கரை ஊரில் நடந்தது. அங்கே மார்கரெட்டின் ஆக்ஸ்ஃபோர்ட் நண்பர் ஒருவர், டார்ட்ஃபோர்ட் தொகுதிக் கட்சித் தலைவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. டார்ட்ஃபோர்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்று தலைவர் சொல்ல, நண்பர் மார்கரெட் பெயரைச் சொன்னார். தலைவர் தயங்கினார். தொழிற்சாலைகள் நிறைந்த, முரட்டுத்தனமான தொகுதி. அங்கே ஒரு பெண்ணா?

அப்புறம் நேரில் சந்தித்துப் பேசியதும் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. 1949 ஜனவரியில் இறுதிச் சுற்றில் இருந்த ஆண்களைத் தாண்டி மார்கரெட் தேர்வானார்.

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். ஏன் கொடுத்தாங்க? 1945-இல் டார்ட்ஃபோர்டில் லேபர் கட்சி ஜெயித்த வித்தியாசம் கிட்டத்தட்ட 20,000. பாதுகாப்பான தொகுதிக்காக அலைந்துகொண்டிருந்த கன்சர்வேட்டிவ் பெரிய மனிதர் யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்த இடத்தில் ஒரு இளம்பெண்ணை நிறுத்துவதில் கட்சிக்கு எந்த நஷ்டமும் இல்லை. பத்திரிகைகளில் போட்டோ வரும். அது லாபம்.

1949 பிப்ரவரி 28 அன்று வேட்பாளர் அறிமுகக் கூட்டம். அப்பாவும் வந்து அதே மேடையில் பேசினார். எங்கள் குடும்பம் பரம்பரையாக லிபரல், அந்தப் பழைய லிபரல் கொள்கைகள் இப்போது கன்சர்வேட்டிவ் கட்சியிடம்தான் இருக்கின்றன என்பது அவர் பேச்சின் சாரம். மகளின் பிற்கால அரசியலைப் புரிந்துகொள்ள இது ஒரு நல்ல சாவி. ஜமீன்தார், பிரபு வகைக் கன்சர்வேட்டிவ் இல்லை அவர். கடைக்காரர் வகை.

அன்று இரவு விருந்தில் இருந்த ஒருவர், ஊருக்குத் திரும்ப ரயில் பிடிக்க வேண்டிய வேட்பாளரைத் தன் காரில் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். பக்கத்து எரித் பகுதியில் குடும்ப பெயிண்ட் கம்பெனியை நடத்திவந்தவர், அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் டெனிஸ் தாட்சர்.

ரேஷன் அட்டையும் வீட்டுக் கணக்கும்

வேட்பாளரானதும் மார்கரெட் டார்ட்ஃபோர்டுக்கே குடிவந்தார். லண்டன் ஹேமர்ஸ்மித்தில் ஜே. லயன்ஸ் என்ற உணவு நிறுவனத்தில் வேலை. பகலில் ஆய்வகம், மாலையில் வீடு வீடாக ஓட்டு வேட்டை, ராத்திரி கூட்டம். மிருதுவான ஐஸ்கிரீமைக் கண்டுபிடித்ததே தாட்சர்தான் என்று இணையத்தில் ஒரு கதை சுற்றும், பார்த்திருப்பீங்க. அதுக்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.

அன்றைய பிரிட்டனைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்க. போரில் ஜெயிச்ச நாடு. போர் முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆகப்போகுது. ஆனா இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை, டீத்தூள் எல்லாமே இன்னும் ரேஷன்தான். போர்க் காலத்தில்கூட ரேஷனில் வராத ரொட்டி, போர் முடிந்த பிறகு 1946-லிருந்து 1948 வரை ரேஷனில் வந்தது. வரிசையில் நிற்பது பெண்கள். அவர்களுடைய எரிச்சலைத்தான் மார்கரெட் ராபர்ட்ஸ் பிடித்தார்.

பொருளாதார நிபுணர்களின் பெரிய வார்த்தைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நாட்டின் வரவு செலவையும் வீட்டுக் கணக்கைப்போலவே பாருங்கள் என்பது அவருடைய கூட்டங்களில் வந்த கருத்து. முப்பது வருஷம் கழித்துப் பிரதமரானபோதும் இதையேதான் சொன்னார். ஒரு நாட்டின் பொருளாதாரம் வீட்டுக் கணக்கு மாதிரி இல்லை என்று வாதாடும் பொருளாதார நிபுணர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் வாசலில் நின்று பேசும்போது எது மனசில் பதியும் என்பது அவருக்கு 24 வயதிலேயே தெரிந்திருந்தது.

அவருடைய தேர்தல் கோஷம்கூட ஒரு சிலேடை. ஆங்கிலத்தில் ரைட் என்றால் வலது, சரி. லெஃப்ட் என்றால் இடது, மிச்சம். சரியான பக்கம், அதாவது வலது பக்கம், ஓட்டுப் போட்டால் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள்.

சரி, இவ்வளவு உழைத்தும் டார்ட்ஃபோர்ட் ஏன் அசையலை? ஏன்னா அந்த மக்கள்கிட்டயும் ஒரு கணக்கு இருந்தது. ஆயுதத் தொழிற்சாலை, மருந்துத் தொழிற்சாலை, ஆற்றங்கரை ஆலைகள் என்று கூலிக்கு உழைப்பவர்களின் தொகுதி அது. 1930-களின் வேலையில்லாத் திண்டாட்டம் அவர்கள் வீட்டு ஞாபகம். 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. டாக்டரைப் பார்க்கக் கையில் காசு வேண்டாம் என்பது இரண்டே வருஷம் பழகிய புது அனுபவம். அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்ட கட்சி கன்சர்வேட்டிவ். ரேஷன் வரிசை கசந்தது. ஆனால் பழைய காலம் அதைவிடக் கசப்பாக இருந்தது.

அந்தத் தேர்தலில் நாடு முழுக்க ஓட்டுப் போட்டவர்கள் கிட்டத்தட்ட 84 சதவீதம். லேபர் ஆட்சி வெறும் 5 சீட் பெரும்பான்மையில் தப்பியது. டார்ட்ஃபோர்டில் மார்கரெட் தோற்றார், ஆனால் லேபர் வித்தியாசத்தை சுமார் 6,000 குறைத்திருந்தார்.

அதே நாள் பக்கத்துத் தொகுதியான பெக்ஸ்லியில் 33 வயதுக் கன்சர்வேட்டிவ் ஒருவர் 133 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து எம்.பி. ஆனார். பெயர் எட்வர்ட் ஹீத், 1970-இல் பிரதமர் ஆனவர். 1975-இல் கட்சித் தலைவர் பதவியிலிருந்து அவரை இறக்கியது யார்? டார்ட்ஃபோர்டில் தோற்ற பெண்தான்.

இரண்டாவது தோல்வி

5 சீட் பெரும்பான்மையில் ஆட்சி எத்தனை நாள் ஓடும்? 1951 அக்டோபர் 25 அன்று மறுபடியும் தேர்தல். மறுபடியும் டார்ட்ஃபோர்ட், மறுபடியும் நார்மன் டாட்ஸ். அவருக்கு 40,094. மார்கரெட்டுக்கு 27,760. வித்தியாசம் 12,334.

நாடு முழுக்க ஒரு விசித்திரம் நடந்தது. மொத்த ஓட்டில் லேபர்தான் அதிகம், ஆனால் சீட்டில் கன்சர்வேட்டிவ் முந்தியது. சர்ச்சில் திரும்பப் பிரதமர் ஆனார். கட்சி ஆட்சிக்கு வந்தது, வேட்பாளர் வீட்டுக்கு வந்தார். டாட்ஸோ 1965-இல் இறக்கும்வரை எம்.பி.யாகவே இருந்தார். தொகுதிதான் பிறகு மாறியது.

டிசம்பரில் டெனிஸோடு கல்யாணம். அடுத்த பிப்ரவரியில் ஒரு பத்திரிகையில் மார்கரெட் ஒரு கட்டுரை எழுதினார். கல்யாணம் ஆனாலும் பெண்கள் வேலையை விட வேண்டியதில்லை, ஒரு பெண் நிதியமைச்சராகவோ வெளியுறவு அமைச்சராகவோ ஏன் ஆகக் கூடாது என்று அதில் கேட்டார். எழுதியது 1952-இல்!

ஜெயிக்கிற சீட் கேட்டபோது

இதுவரைக்கும் பார்த்தால் கதை நல்லாத்தான் போகுது. தோற்றாலும் பெயர் வந்தாச்சு, அனுபவம் வந்தாச்சு. இனி ஜெயிக்கிற தொகுதி கிடைக்கணும். கிடைச்சுதா?

இல்லை. 1953 ஆகஸ்ட் 15 அன்று இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. சில மாதங்களில் வழக்கறிஞர் தேர்விலும் தேறினார். அதன் பிறகு பாதுகாப்பான கன்சர்வேட்டிவ் தொகுதிகளில் விண்ணப்பித்தார். ஆர்பிங்டனில் இல்லை. பெக்கன்ஹமில் இல்லை. மெய்ட்ஸ்டனில் நேர்காணலின்போது, கணவரையும் சின்னக் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார்கள். எதிரே போட்டியிட்ட ஆண்களிடம் யாரும் கேட்காத கேள்வி.

கவனிச்சீங்களா? டார்ட்ஃபோர்டில் கதவைத் திறந்த கட்சிதான் இது, ஆளும் அதே ஆள்தான். மாறியது ஒன்றே ஒன்று. தோற்கிற சீட் கேட்டபோது அவர் பெண் என்பது ஒரு புதுமை. ஜெயிக்கிற சீட் கேட்டபோது அது ஒரு குறை.

அவர் ஒருத்தருக்கு மட்டும் நடந்ததும் இல்லை இது. 1950 தேர்தலில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நின்றார்கள். ஜெயித்தவர்கள் 21. மொத்த சீட் 625. 1951-இல் அது 17 ஆகக் குறைந்தது. ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டால், பெண்கள் நின்றாங்களே, மக்கள்தான் ஓட்டுப் போடலை என்று கட்சிகள் சுலபமாகக் கையை விரிக்கலாம். எந்தத் தொகுதியில் நிறுத்தினீங்க என்பதுதான் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியில் 1958-இல் லண்டனின் ஃபின்ச்லி தொகுதி கிடைத்தது. தேர்வுக் குழுவின் கடைசிச் சுற்றில் 46-க்கு 43. இதுக்கு ஒரு பின்கதை இருக்கு. தாட்சரின் அதிகாரபூர்வ வாழ்க்கை வரலாற்றை எழுதிய சார்ல்ஸ் மூர் அதில் ஒரு தகவலைச் சொல்கிறார். அன்று ஓட்டை எண்ணிய தொகுதித் தலைவர், எதிராளிக்கு விழுந்த இரண்டு ஓட்டை மார்கரெட் கணக்கில் சேர்த்துவிட்டதாகத் தன் வீட்டில் பிற்பாடு சொல்லியிருக்கிறார். எதிராளி வசதியான வீட்டுப் பிள்ளை, அவருக்கு வேறு சீட் எப்படியும் கிடைத்துவிடும் என்பது அவர் நியாயம். இது உண்மையாக இருந்தால், அந்த அறையில் அன்று நேர்மையாக எண்ணியிருந்தால் தாட்சர் தோற்றிருப்பார். அவருக்குத் தெரியாமலே!

1959 தேர்தலில் ஃபின்ச்லியில் 16,260 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1992 வரை அந்தத் தொகுதி அவருடையது.

உள்ளே போன பிறகு

தன்னம்பிக்கைக் கதை இங்கே முடிஞ்சிடும். நான் முடிக்கலை, ஒரு கணக்கு பாக்கி இருக்கு.

பதினொன்றரை வருஷம் பிரதமராக இருந்தார் தாட்சர். அவ்வளவு காலத்தில் அவருடைய கேபினட்டில் அவரைத் தவிர இடம்பெற்ற பெண் ஒரே ஒருவர், பாரனஸ் யங். அதுவும் பிரபுக்கள் சபை உறுப்பினர், தேர்தலில் நின்று வந்தவர் இல்லை. 1952-இல் பெண் ஏன் நிதியமைச்சர் ஆகக் கூடாது என்று கேட்டவர், நியமிக்கும் அதிகாரம் கையில் வந்தபோது எந்தப் பெண்ணையும் அங்கே உட்கார வைக்கவில்லை.

அவர் பக்கத்து நியாயம் என்னவாக இருக்கும்? நான் சலுகை கேட்கலை, உழைச்சு வந்தேன், திறமை இருக்கிறவங்க வரட்டும். அவர் உழைப்பை நான் குறைச்சே சொல்ல மாட்டேன். டார்ட்ஃபோர்டில் ரெண்டு தேர்தல், அதுக்கப்புறம் ஃபின்ச்லி வரைக்கும் ஏழு வருஷம் படியேறினதெல்லாம் நிஜம். ஆனா அந்த உழைப்பு பலிக்க 1,000 பவுண்ட் சம்பளம் வேண்டியிருந்தது, செலவு விதி மாற வேண்டியிருந்தது, ஒருவேளை ஓட்டை மாத்தி எண்ணின ஒரு கையும் வேண்டியிருந்தது. இதில் ஒண்ணுகூட அவர் உழைச்சுச் சம்பாதிச்சது இல்லை.

பிரிட்டனில் அந்த எண்ணிக்கை எப்போ பெரிசா மாறினது தெரியுமா? 1997-இல். பெண் எம்.பி.க்கள் ஒரேயடியாக 120 ஆனார்கள். அதில் 101 பேர் லேபர், 13 பேர்தான் கன்சர்வேட்டிவ். நடுவில் லேபர் கட்சி ஒரு விதி போட்டிருந்தது: ஜெயிக்க வாய்ப்புள்ள தொகுதிகளில் பாதியில், வேட்பாளர் தேர்வுப் பட்டியலில் பெண்கள் மட்டுமே. 1996-இல் தீர்ப்பாயம் அது சட்டப்படி செல்லாது என்றது. ஆனால் அதற்குள் தேர்வான பெண்கள் தேர்தலில் நின்றார்கள், ஜெயித்தார்கள். 2002-இல் சட்டத்தையே திருத்தி அதற்கு வழி செய்தார்கள். அந்த விதியில் முக்கியமான வார்த்தை பெண்கள் இல்லைங்க, ஜெயிக்க வாய்ப்புள்ள என்பதுதான்.

அதனால, அடுத்த தடவை எந்தக் கட்சியாவது, எந்த நாட்டிலாவது, நாங்க இத்தனை பெண்களுக்கு, இத்தனை இளைஞர்களுக்கு சீட் கொடுத்திருக்கோம்னு பட்டியல் வெளியிட்டா, பெயரை மட்டும் பார்க்காதீங்க. பக்கத்தில் இருக்கிற தொகுதி பெயரையும் பாருங்க. போன தேர்தலில் அங்கே அந்தக் கட்சி எத்தனை ஓட்டில் தோத்ததுன்னு தேடிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

டார்ட்ஃபோர்டில் 1950-இல் அந்த எண் கிட்டத்தட்ட 20,000. சீட் கொடுத்தவங்களுக்கும் அது தெரியும், வாங்கினவங்களுக்கும் தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.